பழைய மெடல் கைக்கு வந்தா என்ன பண்ணணும்? புதுசா பாக்குறவங்களுக்கு

மொதல்ல ஒண்ணு, புளி போட்டு தேய்க்காதீங்க. விபூதி, சபீனா, டூத்பேஸ்ட், எலுமிச்சம்பழம் எதுவும் வேணாம். பரண்ல இருந்த ட்ரங்க் பெட்டிய தொறந்து உள்ள ஒரு மெடல் கெடச்சா நம்ம வீடுங்கள்ல நடக்குற மொத வேலையே இதுதான், யாராவது ஒரு பெரியம்மா எடுத்துட்டுப் போயி குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேச்சு பளபளன்னு கொண்டு வந்து கொடுப்பாங்க, நல்ல மனசுலதான், ஆனா அதுக்குள்ள ராஜா மூக்கு மழுங்கி, ஓரத்துல இருந்த எழுத்து பாதி போயிருக்கும். அந்த எழுத்துதான் மெடலோட பாதி உயிரு, அது ஏன்னு கீழ சொல்றேன்.

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு மிலிட்டரி ஆளு இருக்குற ஊர்கள்ல மட்டும்தான் இந்த மாதிரி மெடல் இருக்கும்னு நெனைக்காதீங்க. ரெண்டு உலகப் போருக்கும் மெட்ராஸ் மாகாணத்துல இருந்து ஆளுங்க போயிருக்காங்க, சண்டை போட மட்டும் இல்ல, ரோடு போட, பாலம் கட்ட, சமைக்க, ஸ்ட்ரெச்சர் தூக்க. அவங்களுக்கும் மெடல் வந்துச்சு. பேரப் பசங்களுக்கு அது என்னன்னே தெரியாம "ஏதோ பழைய காசு"ன்னு கெடக்கும். அப்படி ஒண்ணு உங்க கைக்கு வந்திருந்தா, இல்ல சும்மா மெடல் சேர்க்கலாம்னு ஆசை வந்திருந்தா, வரிசையா இப்படி போங்க.

ஸ்டெப் 1: இருக்குறபடியே போட்டோ எடுங்க

ரிப்பன் கிழிஞ்சிருக்கட்டும், ஊக்கு துருப்பிடிச்சிருக்கட்டும், பரவால்ல. எந்த நெலமையில பெட்டியில இருந்துச்சோ அப்படியே மொதல்ல ஒரு போட்டோ. மூணு நாலு மெடல் ஒரே பட்டையில கோத்திருந்தா தயவுசெஞ்சு கழட்டாதீங்க, அந்த வரிசையே ஒரு தகவல், அந்த மனுஷன் எங்கெங்க போனாருன்னு அதுல தெரியும். அண்ணன் தம்பி நாலு பேரு இருக்கோம் ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு எடுத்துக்குற பழக்கம் நெறைய வீட்டுல இருக்கு, பாசமா தோணும், ஆனா பத்து இருவது வருஷம் போனா எது யாரோடதுன்னு யாருக்கும் தெரியாம போயிடும். ஒரு வீட்டுலயே மொத்தமா இருக்கட்டும், மத்தவங்க போட்டோ வெச்சுக்கட்டும்.

பெட்டியில கூடவே இருக்குற பேப்பர், டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புக், யூனிபார்ம் போட்ட போட்டோ, மெடல் வந்த கவர், எதையும் குப்பையில போடாதீங்க. சர்வீஸ் நம்பர் அதுலதான் இருக்கும்.

ஸ்டெப் 2: மூஞ்சிய விடுங்க, ஓரத்தப் பாருங்க

எல்லாரும் மெடல எடுத்ததும் முன்பக்கம் யாரு தலை இருக்குன்னுதான் பாப்பாங்க. ராஜா தலை லட்சக்கணக்கான மெடல்ல இருக்கு, அதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. மெடல கெடமட்டமா புடிச்சு ஓரத்த மெதுவா சுத்திப் பாருங்க, பூதக்கண்ணாடி இருந்தா நல்லது, இல்லாட்டி போன் கேமராவுல ஜூம் பண்ணிக்கலாம். மொத உலகப் போரோட வட்ட மெடலா இருந்தா அங்க இங்கிலீஷ் எழுத்துல நம்பர், ரேங்க், பேர், ரெஜிமென்ட் நாலும் வரிசையா குத்தியிருக்கும்.

ரேங்க் எல்லாம் சுருக்கிதான் இருக்கும். எஸ்.இ.பி.ன்னா சிப்பாய், எஸ்.பி.ஆர்.ன்னா சாப்பர் (ரோடு, பாலம் வேலை பாக்குற படையோட சிப்பாய்), என்.கே. நாயக், ஹெச்.ஏ.வி. ஹவில்தார், ஜெ.இ.எம். ஜமேதார். ரெஜிமென்ட் எடத்துல கர்னாட்டிக் இன்ஃபன்ட்ரி, பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, பயனியர்ஸ்னு ஏதாவது வரும், "எஸ் அண்டு எம்"னு இருந்தா சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ். மெட்ராஸ் சாப்பர்ஸ தம்பின்னுதான் பட்டாளத்துல கூப்பிடுவாங்க, இன்னைக்கும் அந்தப் பேரு போகல.

பேர்தான் குழப்பும். நம்மாளு சொன்ன பேர கிளார்க் காதுல விழுந்தபடி எழுதியிருப்பாரு, அதனால எழுத்தக் கூட்டிப் படிக்காம வாய்விட்டு சத்தமா சொல்லிப் பாருங்க, முனுசாமியோ மாரிமுத்துவோ வெளிய வந்துருவாரு. அப்பா பேரு இனிஷியல் எல்லாம் பெரும்பாலும் இருக்காது, அதனால இவர்தான் நம்ம கொள்ளுத்தாத்தான்னு ஒரே மூச்சுல முடிவு கட்டாதீங்க, நம்பரும் ரெஜிமென்ட்டும் வீட்டுல இருக்குற பேப்பரோட ஒத்துப் போகணும்.

ரெண்டாம் உலகப் போர் மெடல்னா கதை வேற. பிரிட்டிஷ் சிப்பாய்ங்களுக்கு கொடுத்ததுல பேரே போடல. இந்தியப் படைக்கு வந்ததுல சிலதுல பேர் இருக்கும், பலதுல இருக்காது. பேர் இல்லன்னா போலின்னு அர்த்தம் இல்ல.

ஸ்டெப் 3: எந்த மெடல்னு கண்டுபிடிங்க

தமிழ்நாட்டு வீடுங்கள்ல அதிகம் வர்றது ஒரு அஞ்சாறு வகைதான்.

வட்டமா, வெள்ளியில, 36 மில்லிமீட்டர் அகலத்துல, ஒரு பக்கம் அஞ்சாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் துணியில்லாத ஒரு ஆளு குதிரை மேல உக்காந்திருக்காரு, கீழ மண்டை ஓடு, கழுகு போட்ட கேடயம், 1914 1918ன்னு வருஷம். இது பிரிட்டிஷ் வார் மெடல். ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது 92.5 சதவீதம் வெள்ளி. அதே மெடல் வெங்கலத்துல இருந்தா இன்னும் கவனமா பாருங்க, ஏன்னா லட்சக்கணக்குல வெள்ளியில அடிச்சப்ப சுமார் 1,10,000 மட்டும்தான் வெங்கலத்துல அடிச்சாங்க, அது சீனா, மால்டா, இந்தியாவுல இருந்து லேபர் கார்ப்ஸ்ல கூலி வேலைக்குப் போன ஆளுங்களுக்கு. ஒரே போர், ஒரே படம், துப்பாக்கி புடிச்சவனுக்கு வெள்ளி, மம்மட்டி புடிச்சவனுக்கு வெங்கலம். இன்னைக்கு சேகரிக்கிறவங்க வெங்கலத்தத்தான் தேடி அலையறாங்க.

அதுக்கு ஜோடியா ரெக்கை வெச்ச பொண்ணு நிக்கிற வெங்கல மெடல் ஒண்ணு வரும், விக்டரி மெடல், ரிப்பன் வானவில் கலர்ல இருக்கும். அதுல 1914 1919ன்னு போட்டிருக்கும். ஒண்ணுல 18, இன்னொண்ணுல 19 இருக்கேன்னு பதறாதீங்க, ரெண்டுமே சரிதான். விக்டரி மெடல தனியா யாருக்கும் கொடுக்கல, அதனால அது மட்டும் ஒத்தையா வீட்டுல இருந்தா ஜோடி மெடல் எங்கயோ போயிருச்சுன்னு அர்த்தம், பெரும்பாலும் வெள்ளி வெலைக்கு போட்டு உருக்கியிருப்பாங்க.

ஆறு முனை நட்சத்திரம், மஞ்சளா பித்தளை கலர்ல இருந்தா ரெண்டாம் உலகப் போர். எல்லா ஸ்டாரும் ஒரே அச்சு மாதிரிதான் இருக்கும், நடுவுல வட்டத்துல எழுதியிருக்குற பேரு மட்டும் மாறும், பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார், 1939-45 ஸ்டார்னு. ரிப்பன் தப்பிச்சு இருந்தா தூரத்துல இருந்தே சொல்லிரலாம். ஆப்பிரிக்கா ஸ்டார் ரிப்பன் பாலைவன மணல் கலரு, 1939-45 ஸ்டார்ல கருநீலம், சிவப்பு, வெளிர் நீலம் மூணும் சமமா, அதாவது கடற்படை, தரைப்படை, விமானப்படை. பர்மா ஸ்டார்ல நடுவுல பட்டையா சிவப்பு, ரெண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்கு நடுவுல ஆரஞ்சு கோடு.

இந்தியா மேப் போட்ட வெள்ளை மெடல் இருந்தா இந்தியா சர்வீஸ் மெடல், சிங்கம் ரெண்டு தலை டிராகன் மேல நிக்குதுன்னா ரெண்டாம் உலகப் போரோட வார் மெடல். வெள்ளி மாதிரி தெரிஞ்சாலும் ரெண்டுமே தாமிரமும் நிக்கலும் கலந்தது, நம்ம பழைய ஒரு ரூவா காயின் போட்ட அதே சரக்கு. அடகுக் கடையில கொண்டு போயி அசிங்கப்படாதீங்க. காவி, வெள்ளை, பச்சை ரிப்பனோட, மெடல்ல அசோக சக்கரம் இருந்தா 1947 சுதந்திர மெடல், ஒரு பக்கம் சக்கரத்துக்கு மேல கிரீடம், சுத்தி ஆறாம் ஜார்ஜ் பேரு, இன்னொரு பக்கம் அசோகரோட சிங்கங்க, ஒரே மெடல்ல ரெண்டு அரசாங்கம், எனக்கு இத எப்ப பாத்தாலும் ஒரு வேடிக்கையா இருக்கும்.

"டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ்"னு எழுதியிருந்தாலோ, "ஆர்டர் ஆஃப் மெரிட்"னு இருந்தாலோ அங்கயே நிறுத்துங்க. அது போருக்குப் போன எல்லாருக்கும் வந்த மெடல் இல்ல, வீரத்துக்கு கொடுத்தது. யார் கிட்டயும் காட்டி வெல கேக்குறதுக்கு முன்னாடி ஸ்டெப் 7க்குப் போங்க.

ஸ்டெப் 4: இப்ப ஒரு சிலைய பாக்குற மாதிரி பாருங்க

இந்த ஸ்டெப்ப யாரும் பண்றதில்ல, எனக்கு இதுதான் முக்கியம். மேல இருந்து ட்யூப்லைட் அடிச்சா மெடல் தட்டையா செத்துப் போன மாதிரி தெரியும். ரூம் லைட்ட அணைச்சுட்டு ஜன்னல் பக்கத்துலயோ, போன் டார்ச்ச பக்கவாட்டுல தாழ்வா வெச்சோ மெதுவா திருப்புங்க. ஒரு மில்லிமீட்டர் கூட ஒசரம் இல்லாத முகத்துல கன்னம் எழும்பும், குதிரையோட கால் முன்னாடி வரும். அந்த நிழலுக்காகத்தான் சிற்பி உக்காந்து செதுக்கியிருக்காரு.

மெடல்னாலே பரிசுன்னுதான் நமக்குப் பழக்கம், ஆனா இது ஆரம்பிச்சது பரிசா இல்ல. 1438ல பைசான்டியப் பேரரசர் எட்டாம் ஜான் இத்தாலியில ஃபெராரா நகரத்துக்கு வந்தாரு, அவரப் பாத்து பிசனெல்லோங்குற ஓவியர் ஒரு மெடல் பண்ணினாரு, ஒரு பக்கம் கூர்மையான பெரிய தொப்பியோட ராஜா முகம், மறுபக்கம் குதிரை மேல. மெழுகுல உருவம் பண்ணி உலோகத்துல வார்த்தது, நம்ம சுவாமிமலை ஸ்தபதிங்களும் மெழுகுலதான ஆரம்பிக்கிறாங்க. அத யாரும் நெஞ்சுல குத்திக்கல, கையில வெச்சு திருப்பித் திருப்பிப் பாக்கவும், நண்பர்களுக்கு கொடுக்கவும்தான் பண்ணினது. "ஓவியன் பிசானோ செஞ்சது"ன்னு கையெழுத்து வேற போட்டிருக்காரு. அதனால நீங்களும் உங்க மெடல்ல ராஜாவோட தோள் முடியுற எடத்துக்கு கீழ, ஓரத்துக்கு பக்கத்துல பொடி எழுத்து இருக்கான்னு தேடுங்க, சிற்பியோட இனிஷியலா இருக்கும்.

படத்தப் படிக்க பழகணும்னா ஸ்ரீரங்கப்பட்டணம் மெடல விட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. 1799 மே 4, திப்பு சுல்தான் விழுந்த நாள். கம்பெனிக்காரங்க அதுக்கு ஒரு மெடல் போட்டாங்க, பர்மிங்ஹாம்ல மேத்யூ போல்டனோட சோஹோ மின்ட்ல அடிச்சது, செதுக்கினவர் கியூக்லர்ங்குற ஜெர்மன்காரர். முன்பக்கம் ஒரு சிங்கம் புலிய கீழ தள்ளி அமுக்குது. புலி யாருன்னு சொல்லத் தேவையில்ல. மேல ஒரு கொடி, அதுல அரபியில "கடவுளோட வெற்றிச் சிங்கம்"னு எழுதியிருக்கு. அது திப்பு தன்னோட ஆயுதங்கள்ல போட்டு வெச்சிருந்த வாசகம், அத புடுங்கி அவர அடிக்கிற சிங்கத்துக்கே கொடுத்துட்டாங்க! பின்பக்கம் கோட்டை மேல ஏறுற படை, மேல உச்சியில சூரியன், ஏன்னா தாக்குதல் நடந்தது மத்தியானம். கீழ பாரசீகத்துல விவரம். அழகான வேலை, குரூரமான வேலை, ரெண்டும் ஒரே தகட்டுல இருக்கு. இத வாங்கினவங்கள்ல மெட்ராஸ் ஆர்மி சிப்பாய்ங்களும் உண்டு. தளபதிங்களுக்கு தங்கம், அடுத்தவங்களுக்கு தங்க முலாம் போட்ட வெள்ளி, அதுக்குக் கீழ வெள்ளி, வெங்கலம், சாதா சிப்பாய்க்கு தகரம். இதுக்கு மொதல்ல வளையமோ ரிப்பனோ கெடயாது, வாங்கினவங்க அவங்கவங்க இஷ்டத்துக்கு கொக்கி போட்டுக்கிட்டாங்க.

இதுக்கு நேர் எதிரா பரம் வீர் சக்ராவ பாருங்க. 1950ல வந்தது, வடிவமைச்சது சாவித்ரி கானோல்கர், சுவிட்சர்லாந்துல பொறந்து இந்திய ராணுவ அதிகாரிய கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்கயே ஆயிட்டவங்க. 3.5 சென்டிமீட்டர் கூட வராத சின்ன வெங்கல வட்டம், நடுவுல நாலு சிங்கம் முத்திரை, சுத்தி நாலு வஜ்ராயுதம், ஊதா ரிப்பன். யாரையும் யாரும் மிதிக்கல, பளபளப்பு இல்ல, நாட்டோட ஒசந்த போர் விருது அவ்ளோதான். மொத விருது மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு, சாவித்ரியோட மகளோட வீட்டுக்காரருக்கு கூடப்பொறந்தவர் அவரு.

கண்ணால மட்டும் பாக்கணும்னும் இல்ல. சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ரியோ 2016 பாராலிம்பிக்ல ஹை ஜம்ப்ல வாங்கின தங்க மெடல ஆட்டினா சத்தம் வரும். உள்ள சின்னச் சின்ன ஸ்டீல் குண்டு வெச்சிருக்காங்க, தங்கத்துல 28, வெள்ளியில 20, வெங்கலத்துல 16, பார்வை இல்லாத வீரர் காது கிட்ட வெச்சு ஆட்டினாலே எதுன்னு தெரிஞ்சுக்கணும்னு. டோக்கியோவுல ஓரத்துல பள்ளம் வெச்சாங்க, தங்கத்துக்கு ஒண்ணு, வெள்ளிக்கு ரெண்டு, வெங்கலத்துக்கு மூணு. மாரியப்பன் டோக்கியோவுல வெள்ளி, பாரிஸ்ல வெங்கலம் வாங்கினாரு, மூணு வகையும் ஒரே வீட்டுல இருக்கு. சமீப காலத்துல மெடல் டிசைன்ல வந்த நல்ல யோசனை இதுதான்னு நான் சொல்லுவேன், ஈஃபில் டவர் இரும்புத் துண்ட ஒட்டின பாரிஸ் மெடல விட.

ஸ்டெப் 5: அசலா நகலா

அச்சுல அடிச்ச மெடல்ல எழுத்து கூர்மையா நிக்கும், வெறும் எடம் வழவழன்னு இருக்கும். அசல வெச்சு அச்செடுத்து வார்த்த நகல்ல எழுத்து சோப்பு மாதிரி மழுங்கி, பொடி ஓட்டை ஓட்டையா, ஓரத்துல ஒரு கோடு ஓடும். உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால நகல் அசல விட கொஞ்சம் சின்னதாத்தான் வரும், அகலத்த அளக்க ஒரு டிஜிட்டல் காலிப்பர் வாங்கி வெச்சுக்கங்க. பேர அரம் வெச்சு தேச்சு எடுத்துட்டு வேற பேரு குத்துறதும் உண்டு, 36 மில்லிமீட்டர் வர வேண்டிய எடத்துல ஒரு பக்கம் 35.5 வந்தா சந்தேகப்படுங்க. ஸ்ரீரங்கப்பட்டணம் மெடல்ல பின்னாடி காலத்துல திரும்ப அடிச்சதும் நெறைய சுத்துது, புதுசா ஆரம்பிக்கிறவங்க அது பக்கம் போகவே வேணாம்.

ஸ்டெப் 6: பத்திரப்படுத்துறது

கருத்துப் போன வெள்ளி கருப்பாவே இருக்கட்டும், அது ஒரு போர்வை. ஓரத்த மட்டும் புடிங்க, வெரல் வேர்வை உலோகத்துக்கு ஆகாது. தூசி இருந்தா காஞ்ச மெல்லிசு பிரஷ்ஷால தட்டி விட்டா போதும். ரப்பர் பேண்டு போடாதீங்க, அதுல இருக்குற கந்தகம் வெள்ளிய கருக்கிடும். மலிவான பிவிசி ப்ளாஸ்டிக் கவர்ல கொஞ்ச வருஷத்துல பச்சையா பிசுபிசுன்னு ஆகும். காட்டன் துணியோ நல்ல பேப்பர் கவரோ, அதுக்கு மேல ஒரு டப்பா, உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட், அவ்ளோதான். வெங்கலத்துல வெளிர் பச்சையா மாவு மாதிரி பூத்தா அது பரவும், அந்த மெடல மத்ததுல இருந்து தனியா பிரிச்சு காஞ்ச எடத்துல வெச்சுட்டு தெரிஞ்சவங்க கிட்ட காட்டுங்க. ஃப்ரேம் போடறவர் ஃபெவிகால் வெச்சு ஒட்டுறேன்னு சொன்னா மெடல திரும்ப வாங்கிட்டு வந்துருங்க.

ஸ்டெப் 7: ஆளத் தேடுறது

நம்பரும் ரெஜிமென்ட்டும் கெடச்சாச்சுன்னா மொதல்ல உங்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேளுங்க, எங்க எழுதணும்னு வழி சொல்லுவாங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு தலைமை எடம் குன்னூர் பக்கத்துல வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு. லெட்டர்ல நம்பர், பேரு, ரேங்க், ஊரு, ஓரத்து எழுத்தோட போட்டோ எல்லாம் வெச்சு அனுப்புங்க, பதில் வர நாளாகும், பொறுமையா இருங்க. போர்ல எறந்தவரா இருந்தா காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட இணையதளத்துல பேரப் போட்டுத் தேடலாம், காசு கெடயாது, ஸ்பெல்லிங்க மட்டும் நாலஞ்சு விதமா மாத்திப் பாருங்க. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறை அவங்க பராமரிக்கிறதுதான். பர்மாவுல காணாமப் போனவங்க பேரு யாங்கோன் பக்கத்துல தவுக்கியன் நினைவிடத்துல தூண் தூணா செதுக்கியிருக்கு, ஓரத்துல படிச்ச பேரு அந்த லிஸ்ட்டுல வரவும் வாய்ப்பு இருக்கு.

ஸ்டெப் 8: போடறது, விக்கிறது

மெடல் வாங்கினவரு எடது மார்புல போடுவாரு. குடும்பத்துல மத்தவங்க அவரு நினைவா போட்டா வலது பக்கம்தான் போடணும்னு வழக்கம். கல்யாண ஷூட்டிங்குக்கு கோட்டுல குத்திக்கிறதெல்லாம் வேணாம்.

விக்கிறது உங்க இஷ்டம், நான் தடுக்கல. ஆனா எடைக்கு போடாதீங்க, பிரிட்டிஷ் வார் மெடல்ல இருக்குறது சுமார் ஒரு அவுன்ஸ் வெள்ளி, பேரோட இருக்குற மெடலுக்கு சேகரிக்கிறவங்க அத விட கூடவே கொடுப்பாங்க, பேப்பரும் போட்டோவும் கூட இருந்தா இன்னும் கூட. வீட்டுக்கு வந்து மொத ஆளு சொன்ன வெலைக்கு தலையாட்டாதீங்க.

ஆன்லைன்ல வெளிநாட்டுக்காரர் நல்ல ரேட்டு சொன்னா உடனே கூரியர்ல போட்டுறாதீங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டின வரலாற்றுப் பொருள தனியாளு நாட்ட விட்டு வெளிய அனுப்ப முடியாது, மொத உலகப் போர் மெடல் எல்லாம் இப்ப அந்தக் கணக்குல வந்தாச்சு. ரெண்டாம் உலகப் போர் மெடல் வராது, இருந்தாலும் கஸ்டம்ஸ்ல பழசுன்னு பாத்து நிறுத்தி வெச்சா அலையணும், அதனால இது தொல்பொருள் இல்லன்னு தொல்லியல் துறை கிட்ட மொதல்லயே ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கங்க. சென்னையில அந்த ஆபீஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ளயே இருக்கு, போற வேலை முடிஞ்சா பக்கத்துல கோட்டை மியூசியத்துல பழைய மெடல்களும் வெச்சிருக்காங்க, பாத்துட்டு வாங்க, வெள்ளிக்கிழமை மட்டும் லீவு.